எருமைப் பாலின் காலிக் கட்டங்கள்

1. பதினொரு காலை

உண்ணி சாரின் போன் வந்தபோது நான் மகளின் பால் டம்ளரை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது என் வழக்கம். மித்ராவுக்கு அப்போது இரண்டே முக்கால் வயது. அவளுக்குக் கொடுக்கும் எதையும் ஒரு முறை முகர்ந்து, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் கொடுப்பேன். கேஸ் குமிழை மூன்று முறை தொட்டுப் பார்ப்பேன். பிளே ஸ்கூலில் இருந்து வந்ததும் அவள் கை கால்களைத் திருப்பிப் பார்ப்பேன். என் கணவர் ரமேஷ் கஞ்சிக்கோட்டில் ஒரு ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். "சாமி உனக்குக் கண்ணு ரெண்டு குடுத்துப் போட்டு சந்தேகத்த நாலாக் குடுத்திருச்சு" என்பார். இருக்கட்டும். அந்த வாரத்துக்கு முந்தைய வாரம்தான் மித்ராவுக்கு வயிறு சரியில்லாமல் போயிருந்தது. என்ன காரணம் என்று டாக்டருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தெரியாத காரணம்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும்.

உண்ணி சார் மலையாளி, ஒரு தனியார் பால் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. அந்தக் கம்பெனியின் பால் சேகரிப்பு மையங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தது எங்கள் சிறிய அலுவலகம். மொத்தம் ஆறு பேர். சர்வர் பக்கத்து ஜாவாஸ்கிரிப்ட், அதாவது நோட், எழுதுகிறவள் நான் ஒருத்தி. பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் வீட்டில் இருந்தே வேலை.

"சுகந்தி, ஒரு சம்சயம்," என்றார் உண்ணி சார். "கோபாலபுரம் சென்டர்ல எருமைப் பாலோட டெஸ்ட் ரிசல்ட் மட்டும் காலியா வருது. பசும்பால் எல்லாம் கரெக்ட். பதினொரு திவசமாச்சு."

"எல்லா நாளுமா சார்?"

"எல்லா நாளும். அதே அஞ்சு வீடு. எடை இருக்கு. கொழுப்பு இல்ல, தண்ணி கலந்திருக்கான்னு இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த அஞ்சுல மூணு வீடு டெஸ்டர் பூங்கொடியோட சொந்தக்காரங்க. அது தெரியுமோ?"

எனக்குத் தெரியாது.

"உங்க சாப்ட்வேர்ல குழப்பமா, இல்ல அவ டெஸ்ட் பண்ணாம ஊத்தறாளா? எனக்கு எழுத்துல வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

போனை வைத்துவிட்டு மேசையைப் பார்த்தேன். பாலைக் கொட்டிய காலி பாக்கெட் அங்கே கிடந்தது. அதே கம்பெனியின் பாக்கெட். டம்ளரில் இருந்ததை மித்ரா அதற்குள் குடித்து முடித்திருந்தாள்.

2. இரண்டு ஒயர், ஒரு மிஷின்

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுவதால் நான் செய்திருந்தது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்ட்ரீம் என்றால் டேட்டா மொத்தமாக வராமல் கொஞ்சம் கொஞ்சமாக ஓடி வருவது. நாம் படிக்கிற ஓட்டம் ரீடபிள். நாம் எழுதுகிற ஓட்டம் ரைட்டபிள். இரண்டையும் ஒரே பொருளாகச் சேர்த்துக் கட்டினால் அது டூப்ளெக்ஸ். போன் அப்படிப்பட்டதுதான். பேசுகிற வழி வேறு, கேட்கிற வழி வேறு, கையில் இருப்பது ஒரே கருவி. நாம் பேசியதே நம் காதில் திரும்பி வருவதில்லை. அந்தப் பக்கம் ஒருவர் கேட்டு, யோசித்து, பதில் சொன்னால்தான் வரும். புதிதாக வருகிறவர்கள் பலர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். நான் புதியவள் இல்லை. ஆறு வருட அனுபவத்தோடு விழுந்தவள்.

பால் மையத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கார்டு உண்டு. கார்டை எங்கள் பெட்டியில் தொட வேண்டும். டிபன் பாக்ஸ் அளவுள்ள சின்னக் கம்ப்யூட்டர் அது. எல்லோரும் அதைப் பொட்டி என்றுதான் சொல்வார்கள். தராசு எடையைச் சொல்லும். பெட்டி அந்தக் கார்டு எண்ணைப் பால் பரிசோதனை மிஷினுக்கு ஒரு ஒயரில் எழுதி அனுப்பும். டெஸ்டர் சாம்பிள் புட்டியை வைத்ததும் மிஷின் அதை உறிஞ்சிப் பார்த்து, கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்பதை இன்னொரு ஒயரில் திருப்பி அனுப்பும். பழைய மாடல் மிஷின். போகிற ஒயர் வேறு, வருகிற ஒயர் வேறு. இந்த இரண்டையும் ஒரே டூப்ளெக்ஸாகச் சேர்த்துவிட்டேன். இந்தப் பக்கம் கார்டு போகும், அந்தப் பக்கம் ரிசல்ட் வரும், மற்ற புரோகிராமுக்கு அது ஒரே மிஷின். மூன்று வரி புரோகிராம் கோடு. அந்த மூன்று வரியை ரமேஷுக்குக்கூடக் காட்டினேன். அவர் "நல்லா இருக்குது" என்றார். என்ன நன்றாக இருக்கிறது என்று அவரிடம் நான் கேட்கவில்லை.

எல்லோருடைய கார்டும் ஆனதும் டெஸ்டர் 'முடி' என்ற பொத்தானை அழுத்துவார். டேங்கர் டிரைவருக்கு எடைச் சீட்டு அச்சாகும். பெட்டி இரண்டு ஒயரையும் மூடி, அன்றைய பட்டியலை சர்வருக்கு அனுப்பும். லாக்கில், அதாவது பெட்டி தான் செய்ததைத் தானே எழுதி வைக்கும் குறிப்பில், 'ஃபினிஷ்' என்று ஒரு வரி விழும்.

உண்ணி சார் கேட்டதும் அந்த லாக்கைத்தான் திறந்தேன். கோபாலபுரத்தில் பெட்டியை வைத்ததிலிருந்து பதினொரு நாளும் ஃபினிஷ். ஒரு நாள்கூட எரர் இல்லை.

3. வெள்ளிக்கிழமை அறிக்கை

இதே புரோகிராம் இன்னும் மூன்று மையங்களில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கெல்லாம் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. அங்கே எருமையும் இல்லை.

ஒயர் பழுது என்றால் பசும்பாலும் போயிருக்க வேண்டும். மெமரி பிரச்சினை என்றால் இன்றைக்கு ஒருவர், நாளைக்கு இன்னொருவர் என்று மாறி மாறிப் போயிருக்க வேண்டும். தினமும் அதே ஐந்து வீடு என்றால், அதிலும் மூன்று வீடு டெஸ்டரின் சொந்தம் என்றால், நான் வேறு என்னதான் நினைப்பது?

ஆனாலும் என்மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு. எழுதி அனுப்பும் முன் அந்த அக்காவை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போன் செய்தேன். அதுவரை பூங்கொடியை நான் பார்த்ததில்லை. நாற்பது வயதிருக்கும் என்று உண்ணி சார் சொல்லியிருந்தார்.

"அக்கா, எருமைப் பால டெஸ்ட் பண்றீங்களா?"

"பண்ணாம எப்புடிங்க அம்மிணி? மிஷின்ல நம்பர் வருதுங்க, நா படிச்சுச் சொல்றனுங்க, அவங்களும் கேட்டுட்டுத்தான் ஊட்டுக்குப் போறாங்க."

"அப்ப சர்வருக்கு ஏன்க்கா வரல?"

"அத பொட்டி செஞ்ச நீங்கதானுங்க சொல்லோணும்." கொஞ்சம் சிரித்தார். "நா என்ன பண்றேன்னாங்க, எல்லாத்தையும் மொதல்ல வெச்சுப் போட்டு..."

அதற்குள் உள்ளறையில் மித்ரா ஸ்டூலில் ஏறும் சத்தம் கேட்டது. "சரிக்கா, நா பாத்துக்கிடுதேன்" என்று போனை வைத்துவிட்டு ஓடினேன். அவள் ஏறவில்லை. ஸ்டூலை நகர்த்திக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். நான் திரும்பப் போன் செய்யவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று என்று நினைத்தேன்.

அறிக்கையில் நான் எழுதிய வரி இது: 'ஒயருக்குப் பசு எது, எருமை எது என்று தெரியாது. தினமும் அதே ஐந்து வீடுகளைத் தேர்ந்தெடுத்து விட்டுவிடுவது மனிதரால் மட்டுமே ஆகும். மென்பொருளில் பிழை இல்லை. அந்தச் சாம்பிள்கள் பரிசோதிக்கப்படவில்லை என்றே தெரிகிறது.'

'என்றே தெரிகிறது' என்பதை இரண்டு முறை அழித்து, மூன்றாவது முறை அப்படியே விட்டேன். அந்த இரண்டு சொல்லும் என்னைக் காப்பாற்றும் என்று நினைத்தேனோ என்னவோ. பாலைக் குடிக்கிறது என் குழந்தை என்ற கோபமும் அதில் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை அனுப்பினேன். மதியமே பதில் வந்தது.

"நல்ல ரிப்போர்ட், சுகந்தி. திங்கள்கிழமை முதல் வேற ஆள். ஞாயிறோட பூங்கொடி கழிஞ்சு. நீங்க ஞாயிறு காலைல ஒருக்கா நேர்ல போய், பொட்டிய செக் பண்ணி, அவ பேரை எடுத்துட்டு புது ஆளோட பேரைப் போட்டிருங்க."

4. ஞாயிறு, ஆறு இருபது

ரமேஷுக்கு நைட் ஷிப்ட். ஏழு மணிக்கு மேல்தான் வருவார். மித்ராவை ஸ்கூட்டரில் எனக்கு முன்னால் பெல்ட் போட்டு உட்கார வைத்து, பெல்ட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனையில் நிறுத்தி இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். பொள்ளாச்சி ரோட்டில் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கிளைச் சாலையில் இருந்தது மையம். தகரக் கூரை, ஒரு கூலர் டேங்க், வாசலில் முப்பது பேர், கையில் கேன்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"வந்துட்டாங்கப்பா பொட்டியம்மா," என்றார் தலையில் துண்டு கட்டிய ஒருவர். எருமை வைத்திருக்கும் ஐந்து வீட்டில் அவர் வீடும் ஒன்று. ஆறுச்சாமி என்று பெயர். "ஏனுங்க அம்மிணி, எங்க எரும உங்க கம்ப்யூட்டர்ல தெரியறதில்லையாமா? கருப்பா இருக்கறதால கண்ணுக்குப் படலீங்களோ?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"சும்மா இருங்க மாமா," என்று உள்ளே இருந்து குரல் வந்தது. நீல நிற ஓவர்கோட் போட்ட ஒரு பெண் எட்டிப் பார்த்தார். பூங்கொடி. "வாங்க அம்மிணி. எம் பேர அழிக்க வந்தீங்களாமா? டெஸ்ட் முடியட்டுங்க, அப்புறம் அழிச்சுக்கலாம்."

அவர் குரலில் கோபம் தெரியவில்லை. கோபம் இல்லாததையும் நான் சந்தேகப்பட்டேன்.

மித்ராவைப் பார்த்ததும் அடுப்பில் இருந்த பாத்திரத்தில் இருந்து ஒரு டம்ளர் பால் எடுத்துவந்தார்.

"வேண்டாம்க்கா. இவ பாக்கெட் பால்தான் குடிப்பா."

"பாக்கெட்டு பாலு மட்டும் மானத்துல இருந்தா வருது? இங்கிருந்துதானுங்க போகுது. காய்ச்சுனதுதான், குடுங்க."

வாங்கிக் கொடுத்தேன். மித்ரா டம்ளரை மூக்குக்குக் கொண்டு போய் நன்றாக முகர்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நீ மோந்து பாரு."

வாசலில் மறுபடி சிரிப்பு. "கொழந்தைக்கும் பழக்கி உட்டுட்டாங்களா!" என்றார் ஆறுச்சாமி. பூங்கொடி மட்டும் சிரிக்கவில்லை. வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

பெட்டியைச் சோதிக்கிற மாதிரி அருகே நின்றேன். உள்ளே வந்ததுமே போனை அலமாரியில் சாய்த்து வைத்து வீடியோவை ஓட விட்டிருந்தேன். அவரிடம் சொல்லவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது.

பசும்பால்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கார்டு, எடை, சாம்பிள், ரிசல்ட், ஊற்று. ஒரு குறையும் இல்லை. எருமைக்காரர்கள் ஐந்து பேரும் முன்னாலேயே வந்திருந்தும் ஓரமாக நின்றார்கள். ஏன் என்று கேட்டேன்.

"பசும்பால் மிச்சம் மிஷின்ல ஒட்டியிருந்துதுன்னா எருமைக்குக் கொழுப்பு கொறச்சுக் காட்டுமுங்க," என்றார் பூங்கொடி. "நடுவால எருமை வந்தா ரெண்டு தடவ கழுவோணும். கடைசில வந்தா ஒருக்கா கழுவுனாப் போதும். நா வர்றதுக்கு முன்னாடி இருந்தே இங்க அப்புடித்தான்."

இது அங்கே எல்லோருக்கும் தெரிந்த முறை. எல்லோருக்கும் தெரிந்ததாலேயே யாரும் எனக்குச் சொல்லவில்லை. வரிசையில் கடைசி ஐந்து பேர் எப்போதும் அதே ஐந்து பேர். அது ஏனோ மனதில் உறுத்தியது. ஆனால் என்ன என்று பிடிபடவில்லை.

கடைசிப் பசும்பால் ஆனது. ஐந்து எருமைக் கார்டுகளையும் பூங்கொடி ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டு, எடை போட்டு, கேன்களை ஊற்றாமல் தனியாக வைத்தார். ஐந்து சாம்பிள் புட்டிகளை மரச் சட்டத்தில் வரிசையாக நிறுத்தினார். பிறகு 'முடி' பொத்தானை அழுத்தினார்.

சீட்டு அச்சானது. டேங்கர் டிரைவர் வந்து கிழித்துக்கொண்டு போய் கூலரில் குழாயை மாட்டினார். பெட்டியைச் சோதிக்கப் பக்கத்தில் திறந்து வைத்திருந்த என் லேப்டாப்பில் லாக் வரி விழுந்தது. ஃபினிஷ்.

மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். அடுத்து கேன்களை அப்படியே ஊற்றப் போகிறார் என்று காத்திருந்தேன்.

அவர் ஊற்றவில்லை. கழுவும் தண்ணீரை மிஷினுக்குள் மூன்று முறை ஓட விட்டார். துணியால் முனையைத் துடைத்தார். முதல் புட்டியை வைத்தார். மிஷின் உறுமியது. ஒரு நிமிடம் இருக்கும். மிஷினின் சின்னத் திரையில் எண்கள் வந்தன.

"ஆறுச்சாமி மாமா, ஏழு புள்ளி ஒண்ணு. தண்ணி இல்ல."

"எங்கூட்டு எருமையாச்சே," என்றார் அவர். அதன் பிறகுதான் அந்தக் கேனை ஊற்றினார்கள்.

ஐந்து புட்டியும் அப்படியே. ஐந்து பேருக்கும் எண்ணைப் படித்துச் சொன்னார். என் லேப்டாப்பில் ஒன்றும் வரவில்லை. நான் கட்டிய டூப்ளெக்ஸ் அப்போதே மூடிக் கிடந்தது.

"அக்கா, டெஸ்ட் முடியறதுக்கு முன்னாடியே ஏன் பொத்தான அமுக்குனீங்க?"

பூங்கொடி சுவரைக் காட்டினார். லேமினேட் செய்த ஒரு தாள். நான் எழுதி அனுப்பிய பயிற்சிக் குறிப்பு. ஆறாவது வரி: 'எல்லாக் கார்டுகளையும் வைத்த பிறகு முடி பொத்தானை அழுத்தவும்.'

"நீங்க எழுதுனதுதானுங்களே? கார்டு அஞ்சும் வெச்சாச்சு, அமுக்கிட்டேன். டேங்கர்காரரு சீட்டு வாங்கிப் போட்டு கொழாய மாட்டுனாத்தான் அடுத்த ஊருக்கு நேரத்துக்குப் போவாரு. அவரு உறிஞ்சற நேரத்துல நா இத டெஸ்ட் பண்ணிப் போடுவேன். அன்னிக்குப் போன்ல இதத்தானுங்க சொல்ல வந்தேன். நீங்க வெச்சுட்டீங்க."

5. இரண்டு கடிதம்

டூப்ளெக்ஸில் இரண்டு முடிவு உண்டு. ரைட்டபிள் பக்கம் முடிந்தால் 'ஃபினிஷ்' என்று சொல்லும். அதற்கு அர்த்தம், நான் எழுத வேண்டியதை எழுதி முடித்துவிட்டேன் என்பது மட்டுமே. ரீடபிள் பக்கம் முடிந்தால்தான் 'எண்ட்' வரும். அதாவது அந்தப் பக்கம் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டது. ஒன்று வந்தது என்பதற்காக இன்னொன்றும் வந்துவிட்டதாக ஆகாது.

இது எனக்குத் தெரியாததில்லை. முதலில் 'எண்ட்' வந்தால் மூடு என்றுதான் எழுதியிருந்தேன். புரோகிராம் மூடவே இல்லை, தொங்கிக்கொண்டு நின்றது. பால் மிஷின் 'இனிமேல் ஒன்றும் இல்லை' என்று சொல்லாது. ஒயர் சும்மா அமைதியாக இருக்கும். இதற்கு என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பிளே ஸ்கூலில் இருந்து மித்ராவுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. 'எண்ட்' என்பதை 'ஃபினிஷ்' என்று மாற்றி ஓட்டினேன். ஓடியது. நான் சோதிக்க வைத்திருந்த பொய் மிஷின், அதாவது மிஷினைப் போல நடிக்கிற ஒரு சின்ன புரோகிராம், கேட்ட உடனே பதில் சொல்லும். கழுவாது, உறுமாது, ஒரு நிமிடம் எடுக்காது. சோதனைத் திரையில் எல்லாம் பச்சை. லேப்டாப்பை மூடிவிட்டு ஓடினேன். பிறகு பார்க்க வேண்டும் என்று எங்காவது குறித்து வைத்தேனா என்று தேடினேன். வைக்கவில்லை.

மற்ற மையங்களில் ஒவ்வொரு சாம்பிளுக்கும் ரிசல்ட் வந்த பிறகுதான் அடுத்த கார்டு. கடைசி ரிசல்ட்டும் வந்த பிறகே பொத்தான். அதனால் அங்கே என் தப்பு வெளியே தெரியவில்லை. இங்கே வரிசை முறை அதை ஐந்து வீட்டின் தலையில் கொண்டுபோய் வைத்தது. வரிசை முறையைத்தான் நான் மனிதரின் சூழ்ச்சி என்று படித்திருக்கிறேன்.

ஞாயிறு மதியம் மித்ரா தூங்கியதும் திருத்தினேன். மிஷினுக்கு எழுதிய ஒவ்வொரு கார்டு எண்ணையும் ஒரு பட்டியலில் வைப்பது. பதில் வந்த எண்ணை அடிப்பது. ஃபினிஷ் வந்தாலும் பட்டியல் காலியாகும்வரை காத்திருப்பது. காலியானால்தான் ரீடபிள் பக்கத்துக்கு முடிவைச் சொல்வது, அந்த 'எண்ட்' வந்த பிறகே ஒயரை மூடுவது. ரொம்ப நேரம் பதில் வராவிட்டால் கட்டத்தைக் காலியாக விடாமல் 'மிஷினிடம் இருந்து பதில் வரவில்லை' என்று எழுதுவது. காலிக் கட்டத்தை ஆளுக்கு ஆள் தங்கள் சந்தேகத்தால் நிரப்பிக்கொள்கிறார்கள். உண்ணி சார் நிரப்பினார், நானும் நிரப்பினேன்.

கோடு எழுத இரண்டு மணி நேரம் ஆயிற்று. கடிதத்துக்கு அதற்கும் மேல்.

முதலில் அடித்த கடிதம் இது: 'கோபாலபுரம் மையத்துக்கு ஒரு சிறிய மேம்பாடு செய்யப்பட்டுள்ளது. திங்கள் முதல் அமலுக்கு வரும்.' இரண்டே வரி, இரண்டும் உண்மை. இதை அனுப்பியிருந்தால் திங்கள் முதல் எருமைப் பாலின் ரிசல்ட் ஒழுங்காக வந்திருக்கும். அது புது டெஸ்டரின் பெயரில் வந்திருக்கும். ஆள் மாறியதும் கட்டம் நிரம்பிவிட்டது, ஆகவே பழைய ஆள்தான் காரணம் என்று ஊரே சொல்லியிருக்கும். என் அறிக்கை உண்மையாகிவிட்டிருக்கும். உண்மையைச் சொல்லி இந்த ஒப்பந்தம் போனால் ஆறு பேரில் முதலில் போகப்போவது வீட்டில் இருந்து வேலை செய்கிற நான்தான். ரமேஷிடமும் கேட்கவில்லை. அவர் என்ன சொல்வார் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

அனுப்பு பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் நல்லவள் என்பதால் நிறுத்தினேன் என்று சொல்ல மாட்டேன். போனில் இடம் இல்லை என்று எச்சரிக்கை வந்தது. காலையில் எடுத்த வீடியோதான் இடத்தை அடைத்திருந்தது. அழிக்கலாம் என்று திறந்தேன். "ஆறுச்சாமி மாமா, ஏழு புள்ளி ஒண்ணு. தண்ணி இல்ல." அவரைப் பிடிக்க நான் ஒளித்து எடுத்த வீடியோவில் என் புரோகிராம் மாட்டிக்கொண்டிருந்தது. பின்னணியில் மித்ராவின் குரலும் இருந்தது. அம்மா, நீ மோந்து பாரு.

முதல் கடிதத்தை அழித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதி, வீடியோவையும் சேர்த்து அனுப்பி, உடனே போனும் செய்தேன்.

உண்ணி சார் முழுவதையும் கேட்டுக்கொண்டார். "அப்போ வெள்ளிக்கிழமை எழுதினது?"

"தப்பு சார். எந் தப்பு."

"ஒயருக்கு எருமை தெரியாதுன்னு எழுதினீங்களே."

"என் புரோகிராமுக்கும் தெரியாது சார். வரிசையில கடைசியா யாரு நின்னாலும் விட்டிருக்கும்."

நான் இன்னும் ஏதாவது விளக்கம் சொல்லப் பார்த்து, நிறுத்திக்கொண்டேன்.

"நான் அந்த சென்டர்ல போய் எல்லார் முன்னாடியும் பேசிட்டு வந்தவன், சுகந்தி. அதை இனி நான் திருப்பி எடுக்கணும். சரி. பூங்கொடி நாளைக்கும் வரட்டே. ஆனா இனி உங்க ரிப்போர்ட் வந்தா நான் ரெண்டு தடவ படிப்பேன்."

"நானும் சார்," என்றேன்.

அலுவலகத்தில் என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. இன்னொருவர் பார்க்காமல் என் கோடு எதுவும் மையங்களுக்குப் போகக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். இன்றும் அந்த உத்தரவு உண்டு. நல்லதுதான்.

6. சுண்ணாம்பு எண்கள்

திங்கள் காலை நானே போய்ப் புது வெர்ஷனைப் போட்டேன். அறிக்கை எழுதியது நான்தான் என்று பூங்கொடியிடம் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"மன்னிப்பு எல்லாம் இருக்கட்டுமுங்க," என்றார். "மூணு நாளா எம் பேரு கள்ளி. கடையில, பஸ்ல, எம் பையன் பள்ளிக்கூடத்துல. கம்ப்யூட்டர்ல எம் பேர இருக்க உட்டுட்டீங்க, சரி. அத எந்தப் பொத்தான அமுக்கி அழிப்பீங்க?"

லேப்டாப்பைத் திறந்து வைத்தேன்.

அன்று ஐந்து எருமை ரிசல்ட்டும் ஃபினிஷுக்குப் பிறகு ஒவ்வொன்றாக லேப்டாப்பில் வந்து விழுந்தன. கடைசியில் 'எண்ட்'. திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவர் பார்த்தார். பிறகு சாக்பீஸ் எடுத்து, மிஷினுக்கு மேலே இருந்த சுவரில் ஐந்து பெயரையும் ஐந்து எண்ணையும் எழுதினார்.

"எதுக்குக்கா? அதான் வருதே."

"உங்க பொட்டிய நா நம்பறதில்லீங்க அம்மிணி."

ஆறுச்சாமி வாசலில் இருந்து, "அப்புடிப் போடு!" என்றார்.

அன்று முதல் தினமும் காலை ஏழேகாலுக்குள் அந்தச் சுவரின் படம் என் போனுக்கு வருகிறது. நான் சர்வரில் உள்ளதோடு ஒப்பிட்டு, சரி என்று ஒரு வார்த்தை அனுப்புகிறேன். யாரும் உத்தரவிட்ட வேலை இல்லை. லேமினேட் தாளின் ஆறாவது வரியையும் மாற்றிவிட்டேன்: 'கார்டுகள் முடிந்ததும் அழுத்தலாம். டெஸ்ட் மிச்சம் இருந்தால் பெட்டி காத்திருக்கும்.'

சந்தேகப்படுவதை நான் விட்டுவிடவில்லை. இந்த வேலைக்கு அது வேண்டும், பிள்ளை வளர்க்கவும் கொஞ்சம் வேண்டும். வரிசையைத்தான் மாற்றிக்கொண்டேன். முதலில் என் கோடு, அடுத்து நான் எழுதிய குறிப்பு, அடுத்து என் பொய் மிஷின், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஆள். லாக்கில் ஃபினிஷ் என்று பார்த்தால், முடித்தது எந்தப் பக்கம் என்று கேளுங்கள். தினமும் ஒரே ஆள்மேல் தப்பு விழுந்தால், அந்த ஆள் வரிசையில் எங்கே நிற்கிறார் என்று நேரில் போய்ப் பாருங்கள்.

போன மாதம் ஒரு நாள் படத்துக்குப் பதில் போன் வந்தது. நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். சர்வரில் நான்கு எண்கள்தான் இருந்தன. ஐந்தாவது கட்டத்தில் 'மிஷினிடம் இருந்து பதில் வரவில்லை'.

"செவுத்துல அஞ்சு இருக்குதுங்க," என்றார் பூங்கொடி. "உங்குளுக்கு எத்தன?"

"நாலுக்கா."

"செரி. இன்னைக்கு யாருங்க கள்ளி?"

"ஒயருதான்க்கா. மிஷினுக்குப் பின்னாடி வர்ற ஒயரு லூசா இருக்கும். கொஞ்சம் அமுக்கி விட்டுப் பாருங்க."

"பாக்கறேன். லைன்லயே இருங்க. பாதில வெச்சறாதீங்க."

இருந்தேன்.